தூங்க வைத்தால் மட்டும் போதுமா?

மருந்துத் தட்டுப்பாடு என்றதும் எங்களுக்கு நினைவு வருவது பிரஷர் குளிசையும், டொக்டர் எழுதிய துண்டோடு பார்மசி பார்மசியாக அலைவதும்தான். ஆனால் 2022 மார்ச் 29ஆம் திகதி இலங்கையின் பேராதனை போதனா வைத்தியசாலை, திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தி அவசரத்துக்கு மட்டும் தியேட்டர் என்று அறிவித்தபோது அடிபட்ட பெயர் நியோஸ்டிக்மின். எங்களில் எத்தனை பேர் அதற்கு முன் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்போம்?

பெரிய ஒபரேஷன் என்றால் ஆளை மயக்கினால் மட்டும் காணாது. தசைகளைத் தளர்த்த அட்ராகியூரியம் போன்ற ஒரு மருந்தும் ஏற்றுவார்கள். மூச்சு விடும் தசைகளும் சேர்ந்தே படுத்துவிடும், மெஷின்தான் மூச்சுக் கொடுக்கும். தையல் போட்டு முடிந்ததும் அந்தத் தளர்ச்சியை முறிக்க நியோஸ்டிக்மினை, இதயத் துடிப்பு விழாமல் காக்கும் அற்றோபினோடு சேர்த்து ஏற்றுவார்கள். கொஞ்ச நேரத்தில் நோயாளி தானாக மூச்சிழுப்பார், தலையைத் தூக்கச் சொன்னால் தூக்குவார். பிறகுதான் தொண்டைக் குழாயை எடுப்பார்கள். அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பி கையில் இல்லாமல் எந்த மயக்க மருந்து டொக்டரும் துணிந்து அன்றைய ஒபரேஷன் லிஸ்டைத் தொடங்க மாட்டார். சேர்ஜன் இருக்கலாம், தாதியர் இருக்கலாம், கரண்ட் இருக்கலாம். (அதே வாரத்தில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள் என்பது வேறு கதை.)

இத்தனைக்கும் அது 1930களில் வந்த பழைய, மலிவான மருந்து. சிக்கலே அதில்தான். மலிவான ஊசி மருந்தில் கம்பனிக்கு லாபம் குறைவு, ஒருவர் கைவிட்டால் ஈடுகட்ட ஆள் இல்லை. 2010இல் டெவா கம்பனி புரோபோஃபோல் என்ற மயக்க மருந்தின் தயாரிப்பை விட்டபோது அமெரிக்காவே தடுமாறியது. எங்களுக்கோ மருந்தில் பெரும்பகுதி இறக்குமதி, 2022இல் எல்.சி. (இறக்குமதிக்கு வங்கி தரும் உத்தரவாதக் கடிதம்) திறக்க டொலரும் இருக்கவில்லை. அந்த ஏப்ரல் 29ஆம் திகதி இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். கரியால் கப்பலில் 107 வகை மருந்துகள், 760 கிலோவுக்கு மேல் வந்து சேர்ந்தன. அடுத்த மாதம் தமிழ்நாடு அரிசி, பால்மாவோடு மருந்தும் அனுப்பியது. அந்த நன்றி என்றைக்கும் உண்டு. ஆனால் கப்பலில் என்ன வரும் என்று பார்த்திருந்து தியேட்டர் லிஸ்ட் போட முடியாது.

அந்த வருசம் சித்தப்பாவுக்கு ஹேர்னியா ஒபரேஷன். இரவிலிருந்து பட்டினி, கையில் கனுலா, பச்சைக் கவுண் எல்லாம் தயார். பத்து மணிக்கு மேல் தாதி வந்து, "ஐயா, இண்டைக்கு லிஸ்ட் இல்லை. மருந்து வந்ததும் கோல் எடுப்பம்" என்றார். சித்தப்பா கேட்ட முதல் கேள்வி, "அப்ப தேத்தண்ணி குடிக்கலாமோ?" பாவம், அந்தத் தாதிக்கே சிரிப்பு வந்துவிட்டது. வெளியில் வாங்கித் தரட்டுமா என்று நான் கேட்டேன். கையுறை, நூல் என்றால் துண்டில் எழுதித் தருவார்கள். இந்தத் தியேட்டர் மருந்தை எந்தக் கடையில் போய்க் கேட்பது?

எனக்கு இதைவிடக் கோபம் அதற்குப் பிறகு நடந்ததில்தான். இருப்பு முடியும் வரை சும்மா இருந்துவிட்டு, முடிந்ததும் அவசரக் கொள்வனவு. அவசரம் என்றால் பதிவில்லாத மருந்தை வாங்கவும் விதிவிலக்கு. 2023இல் சிசேரியனுக்கு முதுகில் போடும் பூபிவகெயின் என்ற விறைப்பு ஊசி மீது, நோயாளர் மரணங்களைத் தொடர்ந்து சந்தேகம் எழுந்து பாவனையை நிறுத்தினார்கள். இம்யூனோகுளோபுலின் என்ற நோயெதிர்ப்பு ஊசி மருந்தைத் தரமற்றதாகக் கொள்வனவு செய்த வழக்கில் முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைதானார். தட்டுப்பாடு வேறு, தரக்கேடு வேறு என்று பிரித்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முதலாவது வந்தால்தான் இரண்டாவதுக்குக் கதவு திறக்கும், சிலருக்குக் கொமிஷனும் கிடைக்கும்.

தியேட்டர் ஓடக் கட்டாயம் தேவையான மருந்துகள் ஒரே தாளில் அடங்கும். அவற்றுக்கான டொலரைத் தனியாக ஒதுக்கி வைக்கட்டும். எந்த வைத்தியசாலையில் எத்தனை மாத இருப்பு என்பதை மாதாமாதம் சனத்துக்குத் தெரியப்படுத்தட்டும். மூன்று மாதத்துக்குக் கீழே இறங்கினால் அன்றைக்கே ஓடர் போக வேண்டும், அமைச்சரின் கையெழுத்துக்குக் காத்திருக்கக் கூடாது.