அந்த வரி ஷேக்ஸ்பியருடையது அல்ல

“நீ சிரித்தால் உலகமே உன்னோடு சிரிக்கும், அழுதால் தனியாகத்தான் அழ வேண்டும்” என்ற வரியை ஷேக்ஸ்பியர் எழுதியதாக ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். பலரும் அப்படியே பகிர்ந்தும் வருகிறார்கள்.

சின்ன திருத்தம் நண்பரே. அது அமெரிக்கக் கவிஞர் எல்லா வீலர் வில்காக்ஸின் ‘சாலிட்யூட்’ கவிதையின் தொடக்கம். 1883 பிப்ரவரியில் ‘நியூயார்க் சன்’ இதழில் வந்தது. ஆளுநர் பதவியேற்பு விருந்துக்காக வில்காக்ஸ் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத் தலைநகரான மேடிசனுக்கு ரயிலில் போனபோது, கறுப்பு உடையில் அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னாராம். சாயங்காலம் அலங்காரம் செய்துகொள்ளக் கண்ணாடி பார்த்தபோது அந்த முகம் நினைவுக்கு வந்து பிறந்த வரி இது. பத்திரிகை கொடுத்த சம்பளம் 5 டாலர்! அப்புறம் ஜான் ஜாய்ஸ் என்பவர் இந்தக் கவிதை தன்னுடையது என்று உரிமை கொண்டாடியது தனிக்கதை.

சரிபார்ப்பது சுலபம். பழைய நூல்களைத் தரும் ‘புராஜெக்ட் குட்டன்பர்க்’ இணையதளத்தில் ஷேக்ஸ்பியரின் முழுத் தொகுப்பும் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் “Laugh, and the world laughs with you” என்ற மூல ஆங்கில வரியைத் தேடிப் பாருங்கள், வராது. அதே தளத்தில் வில்காக்ஸின் ‘போயம்ஸ் ஆஃப் பேஷன்’ நூலைத் திறந்தால் கவிதை முழுசாகவே இருக்கும்.