மொய்க்கு ஒரு மரம்

(ராமேசுவரம் தீவில் தங்கச்சிமடம். வைகாசி மாதம், மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையோரம் சும்மா கிடக்கின்றன; அதில் போகிறவர்களும் அப்படித்தான். சும்மா கிடக்காத ஒரே ஆள் பஞ்சவர்ணம். நாற்றங்கால் ஓரம் வேப்பமர நிழலில் உட்கார்ந்து மல்லிகை நாற்றுகளை எண்ணிக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார். இந்த ஊர் மல்லி நாற்று வெளியூருக்கெல்லாம் லாரி ஏறிப் போகிற சரக்கு. கொழுந்தன் நாகராசு ஒரு அட்டைப் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வருகிறான்.)

நாகராசு: மதினி, கையைக் கழுவிட்டு இங்கிட்டு வாங்க. ஒண்ணு காட்டணும்.

பஞ்சவர்ணம்: என்னப்பா, நண்டா? நாட்டுப்படகுக்காரக குடுத்தாகளா?

நாகராசு: நண்டு இல்ல. மரம்.

பஞ்சவர்ணம்: மரமா? பெட்டிக்குள்ளயா?

(திறக்கிறான். உள்ளே கை அகலத்துக்கு ஒரு மண் தட்டு. அதில் ஒரு சாண் உயரத்தில் ஒரு செடி. செம்பழுப்புத் தண்டு, அடியில் கட்டைவிரல் தடிமன். சட்டைப் பொத்தான் அளவில் தடித்த பச்சை இலைகள். ஒரு கொப்பை வளைத்து, வலைக்குப் போடுகிற தங்கூசி நரம்பால் தட்டோடு இழுத்துக் கட்டியிருக்கிறது.)

பஞ்சவர்ணம்: இது பருப்புக்கீரைல? முத்திப் போச்சே.

நாகராசு: மதினி! இது போன்சாய். தட்டுல வச்சுக் குட்டையா வளக்குற மரம். ஜேடுனு பேரு. மதுரையில நர்சரியில வாங்குனேன். தொள்ளாயிரம் ரூவா.

பஞ்சவர்ணம்: தொள்ளாயிரமா! (ஒரு இலையைக் கிள்ளி வாயில் போடுகிறார்.) புளிப்பாத்தான் இருக்கு. பருப்பு போட்டுக் கடைஞ்சா நாலு பேருக்கு வரும்.

நாகராசு: ஐயய்யோ, துப்புங்க! இல்ல… இருங்க, இது தின்னா ஒண்ணும் செய்யாது. இதே ஜேடுங்கிற பேருல இன்னொரு செடி விக்கிறாக, அதைத்தான் தின்னக் கூடாது. ரெண்டும் பாக்கிறதுக்கு அண்ணன் தம்பி கணக்கா இருக்கும்.

பஞ்சவர்ணம்: நான் முழுங்குன பெறகு சொல்லு. சரி, இது எதுக்கு?

நாகராசு: நாளைக்கு மண்டபம் ஊருல நம்ம பாலு வீட்டுப் பால்காய்ச்சுல்ல? சார்ஜாவுல இருந்து லீவுல வந்திருக்கான். எல்லாப் பயலும் சுவத்துக் கடிகாரமும் ஹாட்பாக்ஸும் தூக்கிட்டு வருவானுக. நாம வித்தியாசமா மரம் குடுப்போம்.

பஞ்சவர்ணம்: (கையில் இருந்த கட்டைக் கீழே வைத்துவிட்டு) இரு, இரு. உங்க அக்கா மக காதுகுத்துக்கு அந்தப் பாலு எம்புட்டு எழுதுனான், ஞாபகம் இருக்கா?

நாகராசு: நோட்டைப் பாக்கணும்.

பஞ்சவர்ணம்: நோட்டு எதுக்கு, நான் இருக்கேன்ல. ஆயிரத்தொண்ணு. மொய்ங்கிறது போனது வளந்து திரும்பி வரணும் தம்பி. நீ என்னடான்னா வளரவே வளராத மரத்தைத் தூக்கிட்டுப் போற!

(பாலு வீட்டு மொய் நோட்டில் பஞ்சவர்ணத்துக்கு வேலையே கிடையாது. ஆனால் தங்கச்சிமடத்திலிருந்து மண்டபம் வரை யார் யாருக்கு எவ்வளவு எழுதினார்கள் என்று கேட்டால், நோட்டு தப்பினாலும் தப்பும், அவர் தப்பமாட்டார்.)

நாகராசு: மதினி, எல்லாத்தையும் காசுக் கணக்குலயே பாத்தா எப்படி?

பஞ்சவர்ணம்: சரி, காசை விடு. மைக்குல எப்படி வாசிப்பான்? "தங்கச்சிமடம் நாகராசு, மரம் ஒண்ணேய்…"னா? பந்தியில இருக்கிறவன் பூராம் இலையை விட்டுட்டுத் திரும்பிப் பாப்பான்.

நாகராசு: பாக்கட்டும். ஜப்பான்காரன் இதைவிடப் பெரிய எடத்துலயே குடுத்திருக்கான். யூடியூபுல பாத்தேன். ஹிரோஷிமாவுல ஒரு குடும்பம், யமாகினு பேரு. அவுக கிட்ட ஒரு பைன் மரம். 1625ல இருந்து தொட்டியில வச்சு வளத்தது. 1945ல ஊருல அணுகுண்டு விழுந்துச்சுல்ல, விழுந்த எடத்துக்கும் இவுக வீட்டுக்கும் மூணு கிலோமீட்டர்தான் இருக்கும். ஆளுகளும் பொழைச்சாக, மரமும் பொழைச்சிருச்சு.

பஞ்சவர்ணம்: அடியாத்தி! பெறகு?

நாகராசு: 1976ல அதை அமெரிக்காவுக்குப் பரிசாக் குடுத்துட்டாக. இன்னைக்கும் வாஷிங்டன்ல இருக்கு.

பஞ்சவர்ணம்: குண்டு போட்டவனுக்கேவா மொய் எழுதியிருக்கான்?

நாகராசு: அதுலயும் பாருங்க, குடுக்கும்போது குண்டுக்குத் தப்புன மரம்னு ஒரு வார்த்தை சொல்லலை. 2001ல குடுத்தவரோட பேரப் பசங்க பாக்க வந்தப்பத்தான் அங்க உள்ளவுகளுக்கே தெரிஞ்சிருக்கு.

பஞ்சவர்ணம்: நம்மாளு அம்பது ரூவா எழுதிட்டு, மைக்குல பேரைச் சரியா வாசிக்கலைன்னு ரெண்டாந்தடவை வாசிக்கச் சொல்லுவான். (மரத்தை ஒரு தடவை புது மரியாதையோடு பார்க்கிறார்.) சரி. ஆனா பாலுவுக்கு இதைப் பாக்க நேரம் ஏது?

நாகராசு: அதான் மதினி விசேசமே. லோ மெயின்டனன்ஸ். கவனிக்கவே வேணாம். இலையிலயே தண்ணியைச் சேத்து வச்சுக்கிரும். சொல்லப்போனா தண்ணி கூடத்தான் ஆபத்து. தண்ணி அதிகமாப் போச்சுன்னா உள்ள அழுகிரும்.

பஞ்சவர்ணம்: உங்க அண்ணனுக்கும் டாக்டரு அதையேதான் சொன்னாரு.

நாகராசு: மதினி, நான் வேருக்குச் சொல்றேன்.

பஞ்சவர்ணம்: அவரு ஈரலுக்குச் சொன்னாரு. சரி, பாலு எப்பத் திரும்புறான்?

நாகராசு: அடுத்த மாசம் ஏறிருவான்.

பஞ்சவர்ணம்: வீட்டுல?

நாகராசு: அவுக ஆத்தா மட்டும்.

பஞ்சவர்ணம்: போச்சு! அந்தக் கிழவியை எனக்குத் தெரியும். அது ஒரு உசுரு வாடப் பொறுக்காது. காலையில துளசிக்குச் சொம்பு ஊத்துறப்ப இதுக்கும் ஒரு சொம்பு. சாயங்காலம் விளக்கு வைக்கிறப்ப "இத்துனூண்டா இருக்கியே சாமி"ன்னு இன்னொரு சொம்பு. ஒரே மாசத்துல உன் மரம் ஊறுகாய்.

நாகராசு: அதுக்குத்தான் தட்டுக்கு அடியில ஓட்டை இருக்கு. ஊத்துன தண்ணி ஓடிரும்.

பஞ்சவர்ணம்: ஓடுறது இருக்கட்டும், பெட்டிக்குள்ள பளபளன்னு அது என்ன?

நாகராசு: பித்தளைக் கிண்ணம். தட்டைத் தூக்கி இதுக்குள்ள வச்சுக் குடுத்தா எடுப்பா இருக்குமேன்னு…

பஞ்சவர்ணம்: அதுல ஓட்டை இருக்கா?

நாகராசு: …இல்ல.

பஞ்சவர்ணம்: அப்ப ஓடுற தண்ணி எங்கிட்டு ஓடும்? மல்லிப் பதியனுக்கு ஈரம் காயக் கூடாது, அதுலயே தண்ணி நின்னா எங்களுக்கு நட்டம். இது காயக் காய வாழுற சாதிங்கிற, இதைத் தூக்கிக் கிணத்துல வைக்கிறியே. கிண்ணத்தை எங்கிட்ட குடு, சந்தனம் கரைக்க ஆகும்.

(கிண்ணம் கைமாறுகிறது. திரும்ப வராது.)

நாகராசு: மேல கொஞ்சம் கடல் மணலைத் தூவுனா அழகா இருக்கும்ல? அதுவாவது சும்மா கெடைக்குது.

பஞ்சவர்ணம்: கடல்ல பொழைக்கிறவன் பேசுற பேச்சா இது? உப்பு ஏறி வேரு கருகிப் போகும். ஆத்து மணலும் செங்கல் பொடியும் கலந்து போடு. ஆமா, கொப்புல என்ன, தூண்டில் போட்டிருக்க?

நாகராசு: வளைக்கிறதுக்கு மதினி. செம்புக் கம்பி, அலுமினியக் கம்பியெல்லாம் சுத்துவாக. நம்மகிட்ட தங்கூசிதான இருந்துச்சு. கச்சான் காத்து அடிச்ச மாதிரி எல்லாக் கொப்பும் ஒரே பக்கமாச் சாயணும். ஜப்பான்ல அதுக்குனே ஒரு பாணி இருக்கு.

பஞ்சவர்ணம்: அதுக்கு ஜப்பான் வரைக்கும் எதுக்குப் போற? மண்டபத்துக்கு வெளிய நிக்கிற உடைமரத்தைப் பாத்ததில்லையா? குடை விரிச்சாப்புல மேல தட்டையா, காத்துக்கு முதுகு காட்டிக்கிட்டு நிக்கும். அதுக்கு எவன் கம்பி கட்டுனான்?

நாகராசு: அது காத்து கட்டுனது.

பஞ்சவர்ணம்: சரி, நீ கட்டுனதை எவன் அவுப்பான்?

நாகராசு: என்னது?

பஞ்சவர்ணம்: கொப்பு தடிக்கத் தடிக்க நரம்பு பட்டையை அறுக்கும்ல?

நாகராசு: ஆமா… ரெண்டு மூணு மாசத்துல அவுத்துறணும்னுதான் சொன்னாக.

பஞ்சவர்ணம்: பாலு சார்ஜாவுல இருந்து ஃபிளைட்டு பிடிச்சு வந்து அவுப்பானா? இப்பவே அவுத்து விடு. வேற ஏதாச்சும் வேலை பாக்கி இருக்கா உன் "கவனிக்கவே வேணாம்" மரத்துக்கு?

நாகராசு: (தயங்கி) ரெண்டு மூணு வருசத்துக்கு ஒருக்கா தட்டுல இருந்து எடுத்து, வேரைக் கொஞ்சம் வெட்டி, மண்ணு மாத்தணும். அப்பப்பக் கொப்பு வெட்டணும். அப்புறம் வெயில்… வெயில் வேணும்.

பஞ்சவர்ணம்: பாலு ஹால்ல டிவிக்குப் பக்கத்துல கண்ணாடி ஷோகேஸு வச்சிருக்கானாமே. அதுல வைக்கவா?

நாகராசு: வேணாம், வேணாம். வெளிச்சம் இல்லாட்டி தண்டு நோஞ்சானா நீண்டுக்கிட்டே போயிரும். வெயில் விழுற ஜன்னல் ஓரமா வைக்கணும்.

பஞ்சவர்ணம்: அவன் வீட்டு ஜன்னல் தெக்க பாத்தது, நேரா ஆண்கடல், அலை அடிக்கிற பக்கம். உப்புக் காத்து அப்பும். அப்பப்ப நல்ல தண்ணியில இலையைத் துடைச்சு விடணும். நர்சரிக்காரன் உனக்கு மரம் வித்தானா, மருமகளை வித்தானா?

நாகராசு: அப்ப வேற மரம் பாக்கவா?

பஞ்சவர்ணம்: நம்ம பழைய வீட்டுச் சுவத்துல அரசங்கன்னு முளைச்சு நிக்கிது. பிடுங்கித் தட்டுல வச்சா இதேதான? அதுக்கும் தொள்ளாயிரமா?

நாகராசு: அரசு, ஆலு, இச்சியெல்லாம் போன்சாய்க்குத் தோதான மரந்தான் மதினி. ஆனா வீட்டுக்குள்ள அரசமரத்தைக் கொண்டு போனா பாலு மாமியா என்னைய வாசல்லயே நிப்பாட்டிரும்.

பஞ்சவர்ணம்: இதுக்கு மட்டும் ஆரத்தி எடுக்குமாக்கும்? "வளராத மரம் வீட்டுல இருந்தா குடும்பம் வளராது"ன்னு அங்கனயே ஆரம்பிக்கும்.

நாகராசு: வளரலைன்னு யாரு சொன்னா? வளர வளர வெட்டுறோம். தரையில விட்டா ரெண்டு ஆள் உசரம் போகும். ஆப்பிரிக்காவுல இதை யானை மேயுது மதினி. யானை ஒடிச்சுப் போட்ட கொப்பு கூடத் தரையில கெடந்தபடியே வேர் விட்டு முளைக்குமாம்.

(பஞ்சவர்ணம் பேச்சை நிறுத்துகிறார். நாற்றங்காலைப் பார்க்கிறார். மரத்தைப் பார்க்கிறார். மறுபடி நாற்றங்காலைப் பார்க்கிறார்.)

பஞ்சவர்ணம்: என்ன சொன்ன? ஒடிச்சுப் போட்டா முளைக்குமா?

நாகராசு: ஆமா. வெட்டுன வாயி காயுற மாதிரி நாலஞ்சு நாளு நிழல்ல போட்டு வச்சுட்டு, அப்புறம் நட்டா… மதினி, கத்திரி எதுக்கு? மதினி!

(கத்தரிக்கோல் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று… நாகராசு கண்ணை மூடிக்கொள்கிறான். திறக்கும்போது சாக்கின் மேல் ஏழு கொப்புகள் வரிசையாகக் கிடக்கின்றன.)

நாகராசு: தொள்ளாயிரம் ரூவா மதினி!

பஞ்சவர்ணம்: நீதான அப்பப்ப வெட்டணும்னு சொன்ன? பாரு, இப்பத்தான் அடித்தண்டே கண்ணுக்குத் தெரியுது. ஆவணியில எனக்கு அஞ்சு விசேசம் இருக்கு. அஞ்சு சிரட்டையில ஓட்டை போட்டு நட்டுட்டேன்னா அஞ்சு மொய்.

நாகராசு: அது ஆவணிக்குள்ள மரமாகாது. தண்டு தடிக்க வருசக் கணக்காகும்.

பஞ்சவர்ணம்: ஆகட்டுமே. நமக்கு நூத்தொண்ணு எழுதுனவனுக்கு இந்த வருசத்துக் கன்னு. ஐநூறு எழுதுனவனுக்கு அடுத்த வருசத்துக் கன்னு. ஆயிரம் எழுதுனவன் கொஞ்சம் பொறுக்கட்டும், நல்லாத் தடிச்சதாத் தாரேன்.

நாகராசு: (தலையைச் சொறிந்துகொண்டு) வளராத மரம்னு சொன்னீகளே…

பஞ்சவர்ணம்: அது விலைக்கு வாங்குற வரைக்கும். சரி கேட்டுக்க, நாளைக்குப் பாலு ஆத்தாகிட்ட நீ வாயைத் திறக்காத, நான் பேசிக்கிறேன். "ஆத்தா, இது விரதம் இருக்கிற மரம். செவ்வாயும் வெள்ளியும் மட்டுந்தான் தண்ணி. அன்னைக்கும் மண்ணுக்குள்ள விரலை விட்டுப் பாத்து, ஈரம் இருந்தா ஊத்தாத. ஐப்பசி கார்த்திகை மழையில வெள்ளி மட்டும் போதும். மத்த நாளு ஊத்துனா சாமிக் குத்தம்." கிழவி உசுரே போனாலும் ஒரு சொட்டு ஊத்தாது.

நாகராசு: மதினி, நீங்க எங்கயோ இருக்க வேண்டிய ஆளு!

பஞ்சவர்ணம்: மண்டபத்துக்கு நானும்தான் வாரேன். மரத்தோட ஐநூத்தொண்ணும் சேத்து வச்சு உங்க அண்ணன் பேருல எழுதச் சொல்லுறேன்.

நாகராசு: எது? மரம் நான் வாங்குனது!

பஞ்சவர்ணம்: வெட்டி வடிவாக்குனது யாரு? விரதம் வச்சது யாரு?

நாகராசு: அப்ப என் கணக்கு?

பஞ்சவர்ணம்: ஆயிரத்தொண்ணு அப்படியே நிக்கிது. கூடக் கொஞ்சம் போட்டு ஆயிரத்து ஐநூறா எழுதிரு, கௌரவமா இருக்கும்.

நாகராசு: என்கிட்ட ஏது மதினி? தடைக்கால நிவாரணம் எட்டாயிரம் வந்துச்சு. அரிசிக் கடை, வலைக் கடன், பள்ளிக்கூடம்… மிச்சம் இருந்தது இந்த மரந்தான்.

(பஞ்சவர்ணம் நகர்ந்து சாக்கில் இடம் விடுகிறார். வாழைநாரை எடுத்து அவன் கையில் கொடுக்கிறார்.)

பஞ்சவர்ணம்: கடலுக்கும் போகலை, உக்காரு. கட்டுக்கு இம்புட்டுனு கூலி. பொழுது சாயுற வரைக்கும் கட்டுனா பாதி மொய் தேறும்.

நாகராசு: மீதி?

பஞ்சவர்ணம்: கடனாத் தாரேன், எங்க நோட்டுல எழுதிக்கிருவோம். கட்டு ஒண்ணுக்கு நூறு நாத்து, எண்ணி வையி. நேத்து ஒருத்தன் தொண்ணூத்தெட்டுல கட்டிட்டுப் போயிட்டான்.