வொர்க்பெஞ்சுக்குப் பட்டியல் போட்டவன் பகைவன் அல்லன்

இரண்டு நாளாக நடப்பதை நீங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள் என்பதால் கதையை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. கமோடோர் நிறுவனத்தின் பழைய அமிகா கணினியில், ஐகான்களும் ஜன்னல்களுமாக நாம் வேலை செய்யும் முகப்பான வொர்க்பெஞ்சில் என்ன மாற்றினால் நன்றாக இருக்கும் என்று நான்கு யோசனைகள் எழுதினேன்: ஐகான் இல்லாத கோப்புகளையும் காட்டுவது, மெனு எங்கே என்று புதியவருக்குக் குறிப்புத் தருவது, ஐகான்களின் இடத்தைத் தானாகப் பதிவது, ஜன்னலின் அளவை எல்லா ஓரங்களிலும் மாற்ற விடுவது. அவற்றுக்குக் கிடைத்த மரியாதையை நீங்களே படித்திருப்பீர்கள். யோசனை தவறு என்று சொன்னவர்கள்மீது எனக்கு வருத்தமில்லை. பட்டியலைப் படிக்காமலேயே, "நவீன வசதி வேண்டுமென்றால் நவீனக் கணினியை வாங்கிக்கொள்ளுங்கள், இந்தப் பட்டியலைக் குப்பைத்தொட்டியில் போடுங்கள்" என்று ஒரு மூத்தவர் எழுதினாரே, அதற்காகத்தான் இந்தப் பதிவு. எந்த வட்டின் குப்பைத்தொட்டி என்பதையும் அவர் குறிப்பிட்டிருக்கலாம். வொர்க்பெஞ்சில் வட்டுக்கு ஒன்று உண்டு என்பது இத்தனை காலம் அமிகாவோடு இருந்தவருக்குத் தெரியாததா என்ன?

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு கருவியில் இது இப்படி இருந்தால் நன்றாயிருக்குமே என்று கேட்பவன், அந்தக் கருவியை உட்கார்ந்து பயன்படுத்துகிறவன். கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பார்ப்பவனுக்கு அதில் ஒரு குறையும் தெரியாது.

பட்டியல் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார்கள். விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகன் என் அமிகா 1200 முன்னால் உட்கார்ந்தான். கெட்டிக்காரப் பையன். ஒரு பிளாப்பியில் இருந்த படக் கோப்புகளை வன்வட்டுக்கு நகலெடுக்கும் கட்டளையை நான் சொல்லச் சொல்லத் தானே தட்டினான். பிறகு நகலெடுத்த டிராயரை (கோப்புறைக்கு வொர்க்பெஞ்சில் அதுதான் பெயர்) திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை, வெறும் சாம்பல் நிறம். நகலெடுப்பது தோற்றுவிட்டது என்று நினைத்து மறுபடியும் எடுத்தான். மறுபடியும் காலி. கோப்புகள் எல்லாம் அங்கேயேதான் இருந்தன. ஒவ்வொரு கோப்புக்கும் பக்கத்தில் அதன் பெயரோடு '.இன்ஃபோ' என்று முடியும் இன்னொரு கோப்பு இருந்தால்தான் வொர்க்பெஞ்ச் அதற்கு ஐகான் காட்டும். இல்லையென்றால் அந்தக் கோப்பு இல்லாதது போலவே நடந்துகொள்ளும். "எல்லாக் கோப்புகளையும் காட்டு" என்று மெனுவில் ஓர் இடம் இருக்கிறது என்று சொன்னேன். மெனு எங்கே என்று கேட்டான். வலது பொத்தானை அழுத்திப் பிடித்தால்தான் மேலே மெனு வரும், விட்டால் போய்விடும் என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் கேலி இல்லை; இவ்வளவு அழகான கணினி ஏன் இதைச் சொல்லித் தரக்கூடாது என்ற நியாயமான வியப்புதான் இருந்தது.

அந்த வலது பொத்தான் மெனுவை எடுத்துவிடச் சொன்னேனா? இல்லை. அதைப் போன்ற அழகான ஏற்பாட்டை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. வலது பொத்தானைப் பிடித்தபடியே இடது பொத்தானால் ஒன்றன்பின் ஒன்றாகப் பல தேர்வுகளைக் குறித்துவிட்டுக் கடைசியில் கையை எடுக்கலாம். நான் கேட்டது, எவ்வளவு நினைவகம் மிச்சம் என்று எண்களைக் காட்டும் அந்த மேல்பட்டையில், புதியவருக்காக ஒரு சின்னக் குறிப்பு. வேண்டாதவர் அணைத்துக்கொள்ளலாம். இதற்காகவா இத்தனை கோபம்?

ஐகான்களை அழகாக அடுக்கிவிட்டு மெனுவில் 'ஸ்னாப்ஷாட்' கொடுத்து இடங்களைப் பதிவு செய்ய மறந்தால், டிராயரை மூடித் திறந்ததும் எல்லாம் பழைய இடத்துக்கே ஓடிவிடுகின்றன. வன்வட்டிலாவது அந்த இடங்கள் தானாகப் பதிவாகட்டும் என்றேன். இதற்கு ஒருவர் மட்டும் உருப்படியாக மறுப்பு எழுதினார். இடம் பதிவாவது '.இன்ஃபோ' கோப்புக்குள்தான் என்பதால், ஐகானைத் தொட்டு நகர்த்தும்போதெல்லாம் வட்டில் எழுத வேண்டியிருக்கும் என்றும், பிளாப்பியில் அது தாங்காது என்றும் சொன்னார். சரியான பேச்சு. அதனால்தான் 'வன்வட்டில்' என்று எழுதியிருந்தேன். அவரும் மறுபடி படித்துவிட்டு ஒப்புக்கொண்டார். விவாதம் என்றால் அது. நான்காவது யோசனை, ஜன்னலின் அளவை வலது கீழ் மூலையைத் தவிர மற்ற ஓரங்களிலும் மாற்ற முடியட்டும் என்பது. அது இல்லாமலும் வாழலாம், விடுங்கள்.

முதல் யோசனைக்கு வந்த எதிர்ப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. கட்டளைகளும் நூலகங்களும் இருக்கும் அமைப்பு டிராயர்களுக்கு ஐகான் வைக்காமல் விட்டதே, விவரம் தெரியாதவர் கைவைத்து அழித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்கிறார்கள். அப்படியானால் கணினி துவங்கும் வட்டில் மட்டும் மறைத்துக்கொள்ளட்டும், மற்ற வட்டுகளில் காட்டட்டும். இந்த ஒரு வரி என் பட்டியலிலேயே இருந்தது. படித்தவர் எத்தனை பேர்?

நான் கேட்காததையும் என் தலையில் கட்டினார்கள். பதினாறு வண்ணம் வேண்டும் என்று நான் எங்கே எழுதினேன்? அமிகா 500-இன் 512 கிலோபைட் நினைவகத்தில் 640-க்கு 256 புள்ளிகள் கொண்ட திரைக்கு ஒரு பிட்பிளேன், அதாவது புள்ளிக்கு ஒரு பிட் வைக்கும் நினைவகப் பகுதி, 20,480 பைட் தின்னும் என்பதும், நான்கு வண்ணத்துக்கு இரண்டு, பதினாறு வண்ணத்துக்கு நான்கு பிட்பிளேன் வேண்டும் என்பதும் எனக்கும் தெரியும். அந்த அளவுத் திரையில் பதினாறு வண்ணம் வைத்தால், திரை வரையப்படும் நேரத்தில் திரையை வரையும் சில்லுகளும் பகிர்ந்துகொள்ளும் நினைவகமான சிப் ரேமைத் தொட முடியாமல் 68000 செயலி காத்துக் கிடக்கும் என்பதும் தெரியும். வண்ணப் பேச்சை எடுத்தவர் வேறொருவர். ஆனால் என் பெயரைப் போட்டு எனக்குப் பாடம் எடுத்தார்கள், அதுவும் நான் கேட்காத பாடத்தை.

அடுத்தது 'அசல்' வாதம். உருவாக்கியவர்களின் எண்ணத்தைக் கெடுக்காதீர்கள் என்கிறார்கள். எந்த அசல்? 1985-இல் அமிகா 1000 வெளிவந்தபோது கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருளான கிக்ஸ்டார்ட் இன்னும் முற்றுப்பெறாததால் அதைப் பிளாப்பியிலிருந்து ஏற்றினார்கள். முதலில் திட்டமிட்ட வட்டு இயக்க அமைப்பு நேரத்துக்கு முடியாமல், டிரைபாஸ் என்ற வேறோர் அமைப்பைக் கொண்டுவந்து அவசரமாகப் பொருத்தினார்கள். முதல் வொர்க்பெஞ்சின் நீலமும் ஆரஞ்சும், மங்கலான தொலைக்காட்சித் திரையிலும் எழுத்து தெரியட்டும் என்பதற்காக வந்தவை. 1990-இல் வொர்க்பெஞ்ச் 2.0 வந்தபோது அந்த நிறங்களைத் தூக்கிவிட்டுச் சாம்பல் நிறத்தைக் கொண்டுவந்தார்கள். "எல்லாக் கோப்புகளையும் காட்டு" என்ற மெனுவும் அப்போது வந்ததுதான். இதில் எந்த ஆண்டைப் பேழைக்குள் வைத்துப் பூட்டுவது?

உருவாக்கியவர்களின் எண்ணம் என்னவென்று தெரிய வேண்டுமானால் பழைய வொர்க்பெஞ்ச் 1.3-இல் அமைப்புகளை மாற்றும் பிரிஃபரன்ஸைத் திறந்து பாருங்கள். மவுஸ் அம்பைப் புள்ளி புள்ளியாகப் பயனரே வரைந்துகொள்ள ஒரு கட்டம் இருக்கிறது. நான்கு நிறங்களையும் நகர்த்தி மாற்றத் தண்டுகள் இருக்கின்றன. உன் விருப்பப்படி மாற்றிக்கொள் என்று முதல் நாளே கையில் கொடுத்தவர்கள் அவர்கள். மாற்றத்தைக் கேட்டதற்காக என்னைத் துரோகி என்பவர்கள் யாருடைய எண்ணத்தைக் காப்பாற்றுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

நம் மூத்தவர் விஷயத்துக்கு வருகிறேன். பெயர் சொல்லமாட்டேன், அவர்மீது எனக்கு இன்னமும் மரியாதை உண்டு. என் அமிகாவின் பழைய மின்தேக்கிகள் கசிந்தபோது எதை மாற்ற வேண்டும், எப்படிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லித் தந்தவர் அவர்தான். அதனால்தான் வலிக்கிறது. முன்பின் தெரியாதவர் 'வேறு கணினி வாங்கு' என்று சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இந்தக் கணினியைத் தூக்கிப் போடாமல் நான் உயிர் கொடுத்தெடுத்தது அவருக்குத் தெரியும். தெரிந்தும், நான்கு வரி கேட்டதற்கு, இது உன் இடம் இல்லை என்று வாசலைக் காட்டினார்.

ஆனால் சென்ற மாதம் அவரே பெருமையாகக் காட்டிய அவருடைய திரையைப் பாருங்கள். அதில் இருப்பவை மேஜிக்டபிள்யூபி ஐகான்கள். பயன்பாடுகளின் பொத்தான்களை வரைந்திருப்பது, ஸ்டீஃபன் ஸ்டன்ட்ஸ் எழுதிய எம்.யு.ஐ. கோப்பு வேலைகளுக்கு டைரக்டரி ஓபஸ். இவற்றில் ஒன்றையாவது கமோடோர் நிறுவனம் பெட்டிக்குள் வைத்து விற்றதா? இருப்பது போதாது என்று நினைத்தவர்கள் வெளியிலிருந்து எழுதிக் கொடுத்தவை அவை. 1994 ஏப்ரலில் கமோடோர் திவாலான பிறகும் 1999-இல் அமிகா இயக்க அமைப்பின் 3.5, 2000-இல் 3.9, 2018-இல் 3.1.4, 2021-இல் 3.2 என்று பதிப்புகள் வந்தது எதனால்? எல்லோரும் வாயை மூடிக்கொண்டு, இருப்பதே போதும் என்று உட்கார்ந்திருந்ததாலா?

இவ்வளவு எழுதியபின்னும், "உணர்ச்சிவசப்படுகிறீர்கள்" என்று ஒருவர் வருவார். ஆமாம், படுகிறேன். எண்பதுகளில் பிறந்த ஒரு கணினிக்காக நேரம் செலவழிக்கும் நாம் எல்லோரும் உணர்ச்சியால்தான் இங்கே இருக்கிறோம். என்னுடையது மட்டும் எப்படிக் குற்றமானது?

பட்டியல் அப்படியே இருக்கும். நான்காவதை வேண்டுமானால் அடித்துவிடுகிறேன், மற்ற மூன்றையும் திரும்பப் பெறமாட்டேன். பிளாப்பி தாங்காது, நினைவகம் போதாது, புதியவர் எதையாவது அழித்துவிடுவார் என்று காரணத்தோடு மறுப்பவர்களுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் பதில் எழுதுகிறேன். 'வேறு கணினி வாங்கு' என்பவர்கள், தாங்கள் எந்தப் பதிப்பில், எந்தெந்த இணைப்புகளோடு வேலை செய்கிறார்கள் என்பதையும் அதே வரியில் சேர்த்து எழுதிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மிச்சத்தைப் படிக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.