விளம்பரத்துல கட்டணம் போட்ட வரியை எடுத்துடாதீங்க டாக்டர்

திருநெல்வேலியில் செய்தித்தாள்களுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுப்பது என் தொழில். இருபது வருஷமாகிறது. போன வாரம் ஒரு தோல் டாக்டர் கூப்பிட்டிருந்தார். பாளையங்கோட்டையில் சொந்தமாக கிளினிக் திறந்து மூன்று மாதம். சாயந்தரம் முழுக்க உட்கார்ந்தாலும் நாலைந்து பேர்தான் வருகிறார்களாம். "அண்ணே, ஞாயித்துக்கிழமை பேப்பர்ல கால் பக்கம், கலர்ல, என் போட்டோவோட போட்டா கூட்டம் வருமா?" என்று கேட்டார்.

கால் பக்கம் கலர் என்றால் எனக்கு 15 சதவீதம் கமிஷன். ஆனாலும் வேண்டாம் என்றேன். அவரிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன், இந்த ஊரில் கிளினிக் திறக்கிற பலரும் இதே கேள்வியோடுதான் வருகிறார்கள்.

மருத்துவர்களுக்கான 2002-ம் வருஷ நடத்தை விதிகள்தான் இன்றும் நடப்பில் இருக்கின்றன. 2023 ஆகஸ்டில் புது விதிகள் வந்தன, அதே மாதமே நிறுத்தி வைத்துவிட்டார்கள். பழைய விதிப்படி, விளம்பரம் செய்து நோயாளியை இழுப்பது தவறு. கிளினிக் போர்டில் தன் போட்டோவைப் போடுவதுகூடத் தவறு. ஆனால் பத்திரிகையில் ஏழு விஷயங்களை அறிவிக்கலாம். தொழில் தொடங்குவது, சிகிச்சை வகையை மாற்றுவது, இடம் மாறுவது, கொஞ்ச நாள் ஊரில் இல்லாதது, மறுபடி தொடங்குவது, இன்னொருவருடைய கிளினிக்கை ஏற்று நடத்துவது. ஏழாவது, கட்டணம்.

கிளினிக் திறப்பு, இடமாற்றம், 'டாக்டர் வெளியூர் செல்கிறார்' எல்லாம் எத்தனையோ போட்டிருக்கிறேன். கட்டணத்தை அறிவித்து ஒரு டாக்டர்கூட இதுவரை என்னிடம் விளம்பரம் கொடுத்ததில்லை.

பேப்பரில் வருகிற நாலு வரிக்கு என்ன பலம் என்று எனக்குப் புரிந்தது என் பெரியப்பா வீட்டில். சங்கரன்கோவில் பக்கம் கிராமம். காலையில் டீக்கடையில் பேப்பரை மேலிருந்து கீழ்வரை ஒரு வரி விடாமல் வாசிக்கிற ஆள். சர்க்கரை வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. 2011-ல் ஒருநாள் பார்க்கப் போனேன். காலில் வேட்டித்துணியைச் சுற்றிக்கொண்டு திண்ணையில் இருந்தார். மாத்திரையை நிறுத்தி மூன்று மாதம் ஆச்சு என்றார். ஏன் பெரியப்பா என்று கேட்டதற்கு, ரேஷன் கார்டு உறைக்குள்ளிருந்து பிளேடால் சதுரமாக வெட்டின ஒரு பேப்பர் துண்டை எடுத்து நீட்டினார். எந்தத் தேதியில் எந்த ஊர், எந்த லாட்ஜ், எந்த ரூம், கீழே கொட்டை எழுத்தில் 'சர்க்கரை நோய்க்கு நிரந்தரத் தீர்வு'.

"பேப்பர்லயே போட்டிருக்கான்லா" என்றார்.

அது நான் பிடித்துக் கொடுத்த விளம்பரம். புரூஃபில் ஊர்ப் பெயரில் இருந்த எழுத்துப்பிழையைத் திருத்தினதும் நான்தான். அரசு ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்துத்தான் அவர் காலைக் காப்பாற்றினார்கள். அதற்குப் பிறகு அந்த மாதிரி விளம்பரம் ஒன்றைக்கூட நான் தொட்டதில்லை.

1954-லேயே இதற்குச் சட்டம் இருக்கிறது. சர்க்கரை, புற்றுநோய், வலிப்பு, வெண்குஷ்டம், ஆண்மைக்குறைவு என்று 54 நோய்களின் பட்டியல் போட்டு, இவற்றை மருந்தால் குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்யக்கூடாது என்கிறது. அந்த விளம்பரம் வெளிவருவதில் யாருமே எந்தப் பங்கும் எடுக்கக்கூடாது என்றும் சொல்கிறது. அதாவது பிடித்துக் கொடுக்கிற என்னையும் சேர்த்து. முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை ஜெயில். 2024-ல் பதஞ்சலி நிறுவனம் தன் மருந்து விளம்பரங்களுக்காகப் பத்திரிகைகளில் மன்னிப்புக் கேட்டபோது, 'உங்கள் விளம்பரம் இருந்த அளவுக்கே மன்னிப்பும் இருக்கிறதா' என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. அந்தச் செய்தியை நான் இரண்டு தடவை வாசித்தேன். என் பெரியப்பா மாதிரி ஆட்கள் பேப்பரை எவ்வளவு நம்புகிறார்கள் என்று தெரிந்தவர்தான் அப்படிக் கேட்க முடியும்.

அந்த நம்பிக்கையை நல்ல டாக்டர்கள் ஏன் பயன்படுத்துவதில்லை என்பதுதான் என் ஆதங்கம். எந்த கிளினிக்கில் போன் எடுக்கிற பெண்ணிடமும் கேட்டுப் பாருங்கள். வருகிற முதல் கேள்வி "டாக்டர் பீஸ் எவ்வளவு?" அடுத்தது "எத்தனை மணி வரைக்கும் இருப்பாங்க?" வெளிநாட்டில் வாங்கின பட்டத்தை யாரும் கேட்பதில்லை. அம்பாசமுத்திரத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிற அம்மாவுக்கு, கையில் இருக்கிற ஐந்நூறு ரூபாயில் பீஸ், மாத்திரை, திரும்பி வர டிக்கெட் மூன்றும் அடங்குமா என்பதுதான் கவலை. அது தெரியாமல் கிளம்பாமலே இருந்து, கைவைத்தியம் பார்த்து முற்றவிட்டு வருகிறவர்கள் எத்தனை பேர்!

கட்டணத்தைப் போட்டால் கடை மாதிரி ஆகிவிடும் என்கிறார்கள் சில டாக்டர்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. ஸ்கேன் எடுத்து முடித்த பிறகு பில்லைப் பார்த்து மனிதர்கள் மிரண்டு நிற்கிறார்களே, அதில் என்ன கௌரவம் இருக்கிறது?

அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கால் பக்கம் ஒரே ஒருநாள் போடுவதைவிட, உள்ளங்கை அளவில் கறுப்பு வெள்ளையில், அதே கிழமை, நாலு வாரம் தொடர்ந்து போடுவது எவ்வளவோ மேல். வெட்டி எடுத்து வைக்கத் தோதான அளவு அது. பேப்பருக்குள் சொருகுகிற நோட்டீஸ் பாதிக்கு மேல் வாசலிலேயே உதிர்ந்துவிடுகிறது.

அந்த டாக்டருக்கு நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: பெயர், எம்.டி., தோல் நோய் மருத்துவர். இன்ன தெருவில், இன்ன பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் சிகிச்சை தொடங்கியிருக்கிறார். திங்கள் முதல் சனி வரை மாலை 5 முதல் 9. ஆலோசனைக் கட்டணம் 300 ரூபாய். பத்து நாளுக்குள் மறுபடி வந்தால் கட்டணம் இல்லை.

கடைசி இரண்டு வரியைப் பார்த்துத் தயங்கினார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். புரூஃப் என் மேசை மேல்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் சரி என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வந்துவிடும்.