முதலிடத்தைவிடப் பெரிய இரண்டாமிடம்

அபிலாஷ் டோமி பற்றிக் கேட்டால் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் சட்டென்று சொல்வார்கள்: தன்னந்தனியாக, எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல், பாய்மரப் படகில் உலகைச் சுற்றிய முதல் இந்தியர். 2012 நவம்பரில் மும்பையில் கிளம்பி, 2013 மார்ச் கடைசியில் திரும்பிய கடற்படை அதிகாரி. கீர்த்தி சக்ரா வாங்கியவர். கையேட்டில் அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால், ஆளின் கதையே அதற்கப்புறம்தான்.

2018 கோல்டன் குளோப் பந்தயம். தனி ஆளாக, எங்கும் நிற்காமல் பாய்மரப் படகில் உலகைச் சுற்றும் போட்டி. 1968-ல் நடந்த முதல் பந்தயத்தின் நினைவாக நடப்பதால் அந்தக் காலத்துச் சாமான்களோடுதான் போகணும். ஜிபிஎஸ் கூடாது, செக்ஸ்டன்ட் என்ற கோணம் அளக்கிற கருவியில் சூரியனைப் பார்த்துக் கணக்குப் போட்டு இருக்குமிடம் கண்டுபிடிக்கணும். (அந்த முதல் பந்தயத்தை முடித்த ஒரே ஆள் ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன். அவருடைய ‘சுஹைலி’ நம்ம பம்பாயில் கட்டின படகு! அதே மாதிரி செய்த ‘துரியா’வில்தான் அபிலாஷ் போனார்.)

செப்டம்பரில் தென் இந்தியப் பெருங்கடலில் புயல். படகு உருண்டது. கைக்கடிகாரப் பட்டை பாய்மரக் கயிற்றில் மாட்டிக்கொள்ள, மேலே தொங்கியிருக்கிறார். பட்டை அறுந்து கீழே விழுந்ததில் முதுகெலும்பு போச்சு. கால்விரலை அசைக்க முடிகிறது, எழுந்திருக்க முடியவில்லை என்று செய்தி அனுப்பிவிட்டு, ஐஸ் டீயைக் குடித்துக்கொண்டு படுத்தே கிடந்தார். மூன்றாம் நாள் ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்து மீட்டது. முதுகில் டைட்டானியம் வைத்து, மறுபடி நடக்கப் பழகினார்.

2022-ல் அதே பந்தயத்துக்குத் திரும்பப் போனார். வீரமா, கிறுக்கா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆள் தூங்கும்போது படகைத் திசை தப்பாமல் ஓட்ட, காற்றில் இயங்கும் ஒரு கருவி பின்னால் இருக்கும். அது பழுதாகிக்கொண்டே இருக்க, கழிப்பறைக் கதவை அறுத்து உதிரிபாகம் செய்திருக்கிறார். அந்த முதுகை வைத்துக்கொண்டு! 16 பேர் கிளம்பிய பந்தயத்தில் விதிப்படி முழுதாக முடித்தது மூன்று பேர். 236 நாள் கடலில் இருந்து இரண்டாவதாக வந்தார், 2023 ஏப்ரலில்.

‘முதல் இந்தியர்’ என்ற பட்டம் ஒட்டினால்தான் நமக்குச் சாதனை. இந்த இரண்டாமிடத்துக்கு முன்னால் அந்தப் பட்டம் எனக்குச் சின்னதாகத்தான் தெரிகிறது.

முதலிடம் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷேஃபருக்கு. படகு மூழ்கி மிதவையில் கிடந்த சக போட்டியாளரை வழிமாறிப் போய் மீட்டு, அவரோடு ஒரு மடக்கு ரம் குடித்து, சரக்குக் கப்பலில் ஏற்றிவிட்டு, அப்புறம் ஜெயித்த பெண். அவரைப் பற்றித் தனியாகவே எழுதணும்.