மாலை ஆறரைக்குப் பிறகு

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் மொட்டைமாடிக்குச் சோலர் போடுவதா வேண்டாமா என்று போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிநேரம் சண்டை. முப்பத்தாறு வீடுகளுக்கு ஒரே மொட்டைமாடி. பாதியைத் தண்ணீர்த் தாங்கிகள் பிடித்துக்கொண்டன, மீதியில் உடுப்புக் காய்கிறது. "வெயில் சும்மாதானே கிடக்கிறது தங்கச்சி, அள்ளிக்கொள்ள வேண்டியதுதானே" என்றார் ஐந்தாம் மாடி அண்ணர்.

அள்ளலாம்தான். ஆனால் வெயில் கிடக்கும் நேரத்தில் எங்களில் பாதிப்பேர் வீட்டில் இல்லையே!

பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லித் தந்தது இரண்டு நிரல்கள். சூரியன், காற்று, நீர் ஒரு பக்கம், நிலக்கரி, எண்ணெய், எரிவாயு மறுபக்கம். முதலாவது தீராது, மற்றது தீர்ந்துவிடும். பரீட்சைக்கு அது போதும். கொழும்பில் குடித்தனம் நடத்துகிறவளுக்கு அந்த அட்டவணையில் ஒரு நிரல் குறைகிறது: எத்தனை மணிக்கு?

மின்கட்டணக் கணக்கில் உச்ச நேரம் என்பது மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை. சூரியன் கடலில் இறங்கியதும் இந்த நகரம் வீடு திரும்புகிறது. சோறு வேகிறது, பிள்ளைகளின் சீருடைக்கு இஸ்திரி போடப்படுகிறது, வசதியுள்ளவர் வீட்டில் குளிரூட்டி ஓடத் தொடங்குகிறது. அந்த நான்கு மணிநேரமும் மொட்டைமாடித் தகடு வெறும் கண்ணாடி. அப்போது நம்மைத் தாங்குவது மலைநாட்டுத் தண்ணீரும், நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலக்கரியும், அவை போதாதபோது களனிதிஸ்ஸவிலும் கெரவலப்பிட்டியவிலும் எரிகிற எண்ணெயும்தான். நிலக்கரியும் எண்ணெயும் கப்பலில் வருகின்றன, கப்பலுக்கு டொலர் வேண்டும். 2022 மார்ச் இறுதியில் டொலர் இல்லாமல் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் இருட்டில் கிடந்தோமே, எங்கள் கட்டடத்து மின்பிறப்பாக்கி இருந்தும் பயனில்லை. அதற்கும் டீசல்தானே உணவு. ஐந்தாம் மாடிக்கு வாளியில் தண்ணீர் தூக்கிய கதையை அண்ணரே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இதற்கு நேரெதிரான கூத்து 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நடந்தது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்தது என்றார்கள், நாடு முழுவதும் இருண்டது. எல்லோரும் குரங்கைப் பார்த்துச் சிரித்தோம். சிரிக்க வேண்டிய இடம் வேறு. விடுமுறை நாளில் தேவை குறைவு, கூரைகளிலிருந்து வருகிற மின்சாரமோ அதிகம். பெரிய சுழலிகள் சிலவே சுற்றிக்கொண்டிருந்தன. பாரமான சுழலி ஓர் அதிர்ச்சி வந்தாலும் தன் வேகத்தைச் சட்டென்று விடாது, அதனால் மின்வலையின் அதிர்வெண் தடுமாறாமல் நிற்கும். சோலர் தகட்டுக்கு அந்தப் பாரம் கிடையாது. தடுமாற்றம் கண்டதும் பெரும்பாலானவை தம்மைத் துண்டித்துக்கொள்ளும், வலை இன்னும் சரியும். நுரைச்சோலை ஒருமுறை முற்றாக நின்றுவிட்டால் எழுந்துவர நாட்கள் ஆகும். அடுத்த இரண்டு நாளும் மின்வெட்டு. அந்த ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலரைப் பகலில் நிறுத்திவையுங்கள் என்று மின்சார சபையே கேட்டுக்கொண்டது. மேலும் போடுங்கள் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவிட்டு!

எனவே நான் கேட்பது சேமிப்பு. தகட்டுக்குப் பக்கத்தில் மின்கலத் தொகுதி இல்லாமல் இனி ஒரு கூரையும் வேண்டாம் என்பது என் கட்சி. விலை கூடத்தான். அண்ணர் முகம் சுளித்ததும் அதற்குத்தான்.

நம்மிடம் ஏற்கெனவே ஒரு பெரிய மின்கலம் இருப்பதை மறக்கிறோம். அதன் பெயர் தண்ணீர். பகலில் வெயில் வேலை செய்யட்டும், காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்களில் நீரைப் பிடித்து வைத்து மாலையில் திறக்கலாம். கீழே விட்ட நீரைப் பகல் மின்சாரத்தால் மீண்டும் மேலே ஏற்றுகிற 600 மெகாவாட் திட்டம் ஒன்று மகா ஓயாவுக்கு என்று நெடுங்காலமாகப் பேசப்படுகிறது. பேச்சுக்கு மின்சாரம் தேவையில்லை.

ஆனால் அந்தத் தண்ணீரையும் சும்மா கிடைத்தது என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். என் அம்மாவின் ஊர் மலைநாட்டு மஸ்கெலியா. பழைய மஸ்கெலியாவை மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் விழுங்கியது, கடைத்தெருவும் கோயிலும் உள்ளே போயின. வறட்சியில் நீர் இறங்கினால் கோயில் தெரியும். "கோயில் தலை காட்டினால் கொழும்பில் விளக்கு அணையும்" என்பார் அம்மா. 1996இல் மழை பொய்த்து நாடே மணிக்கணக்கில் இருண்டபோது அது பலித்தது. தீராதது என்று பாடப்புத்தகம் சொன்ன நிரலில்தான் தண்ணீரும் இருந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லயத்து அறைகளுக்கு மின்கம்பி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்த மலைகளிலிருந்து மின்சாரம் கொழும்புக்கு வந்துவிட்டது என்பதையும் அம்மா சொல்வார், கொஞ்சம் உரத்த குரலில்.

கூட்டம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். தகடு எத்தனை, மின்கலம் எங்கே வைப்பது, கட்டணப் பட்டியலில் யாருக்கு எவ்வளவு கழிப்பது என்பதில் இறங்கியதும் தனி வீட்டுக்காரர்களின் கொடுப்பினை எங்களுக்குப் புரிந்தது. அவர்களுக்குக் கூரையும் ஒன்று, கட்டணப் பட்டியலும் ஒன்று. கடைசியில் பொது விளக்குகளுக்கும் தண்ணீர்ப் பம்பிக்கும் மட்டும், மின்கலத்தோடு ஒரு சிறு தொகுதிக்கு விலை கேட்பதென்று முடிவாயிற்று. உடுப்புக் கொடியை எங்கே மாற்றுவது என்பது அடுத்த கூட்டத்துக்கு.