உற்பத்தியில் முதலிடம் என்றால் ஏற்றுமதியிலும் முதலிடமா?

"உலகிலேயே அதிக செம்மறி இறைச்சி உற்பத்தி செய்வது சீனா, அதனால் உறைந்த இறைச்சி ஏற்றுமதியும் விலையும் அவர்கள் கையில்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதி சரி. ஏற்றுமதி விஷயம் தலைகீழ். சீனா தன் இறைச்சியைத் தானே சாப்பிட்டுவிடுகிறது. போதாமல் பெருமளவு இறக்குமதியும் செய்கிறது. ஏற்றுமதியில் முன்னணி ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும்தான். நியூசிலாந்து 1882-லேயே உறைந்த ஆட்டிறைச்சியைக் கப்பலேற்றி லண்டனுக்கு அனுப்பிய நாடு!

விலையில் சீனாவுக்குச் செல்வாக்கு உண்டு, ஆனால் வாங்குபவராக. அதுவும் எல்லா வெட்டுகளிலும் (ஆட்டின் உடல் பகுதிவாரியாகப் பிரிக்கும் இறைச்சித் துண்டுகள்) ஒரே மாதிரி இல்லை. மார்பு, வயிற்றுப் பகுதி, முதிர்ந்த ஆட்டின் இறைச்சி போன்ற மலிவானவை உறைந்த நிலையில் பெருமளவு அங்கே போகின்றன. அங்கே தேவை சரிந்தால் முதலில் அடிபடுவது இவைதான். விலா, தொடை போன்ற உயர்விலை வெட்டுகளுக்கு ஐரோப்பா, அமெரிக்கா என வேறு வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். அதில் கணிசமானது உறைய வைக்காமல், வெற்றிடப் பொதியில் குளிரூட்டியே போகிறது.

அப்புறம், உலக உற்பத்தியில் சிறு பங்குதான் எல்லை தாண்டுகிறது. அதனால்தான் ஆஸ்திரேலியாவில் ஒரு வறட்சி வந்தாலே சந்தை ஆடிப்போகிறது. மேய்ச்சல் இல்லாமல் மந்தையை விற்றுத் தள்ளும்போது விலை விழும். மழை வந்து, மந்தையைப் பெருக்க ஆடுகளை விற்காமல் வைத்துக்கொண்டால் வரத்து குறைந்து விலை ஏறும்.